அந்த வீட்டை அவர்களுக்கே விடுங்கள்

பார்சிலோனா போகத் திட்டமிட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

நீங்கள் விமானச் சீட்டின் விலையை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அல்லது சீட்டு எடுத்து முடித்துத் தங்குமிடம் தேடத் தொடங்கியிருப்பீர்கள். சக்ரதா ஃபமிலியா தேவாலயத்துக்கு எந்த நாள், கடற்கரைக்கு எந்த நாள், மொன்செராத் மலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்க முடியுமா என்றெல்லாம் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். போக வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. தாராளமாகப் போங்கள். மத்தியதரைக் கடலின் வெயிலும், கட்டடக் கலைஞர் கௌடி கட்டிய கட்டடங்களும், நடந்தே பார்த்துவிடக்கூடிய தெருக்களும் ஒருசேர அமைந்த ஊர் உலகில் அதிகமில்லை. என் வேண்டுகோள் உங்கள் திட்டத்தில் உள்ள ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியது: இரவில் எங்கே தங்குவது. எதைப் பார்ப்பது, எதைச் சாப்பிடுவது, எவ்வளவு செலவழிப்பது என்பவை உங்கள் பணமும் உங்கள் விருப்பமும் சார்ந்தவை. தங்குமிடம் அப்படியல்ல, அது இன்னொருவர் குடியிருக்க வேண்டிய வீட்டைத் தொடுகிறது. ஆகவே, குடியிருப்புக் கட்டடங்களில் நாள்வாடகைக்கு விடப்படும் வீடுகளை எடுக்காதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதைக் கேட்டதும் உங்கள் மனதில் எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். அவற்றில் பல நியாயமானவை. அவற்றுக்கும் பதில் சொல்லவே இந்த மடல்.

முதலில் அந்த ஊரின் நில அமைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், எதிர்ப்பக்கம் கொல்செரோலா மலைத்தொடர். மிச்சமிருக்கும் இரண்டு பக்கங்களில் பெசோஸ், யோப்ரெகாத் என்று இரண்டு ஆறுகள். இவற்றுக்கு நடுவே சுமார் 100 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். ஐரோப்பாவிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் நகரங்களில் இதுவும் ஒன்று. ஊர் விரிய இடம் கிடையாது. பழைய மதிலுக்குள் மூச்சுமுட்டிக் கிடந்த ஊர் ஒருமுறை விரிந்தது. அது 19ஆம் நூற்றாண்டில். மதில் இடிக்கப்பட்டு, 1859இல் இல்தெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி எஷாம்ப்லா பகுதி எழுந்தது. மூலைகள் சாய்வாக வெட்டப்பட்ட கட்டடத் தொகுதிகளையும் அகன்ற நேர்த்தெருக்களையும் படங்களில் பார்த்திருப்பீர்கள். தொழிலாளி வீட்டுக்கும் காற்றும் வெளிச்சமும் வர வேண்டும் என்பதே செர்தாவின் கவலை. இன்று நாள்வாடகை வீடுகள் மிக அதிகமாகக் குவிந்திருப்பது அதே எஷாம்ப்லாவில். இடம் தாராளமாக உள்ள ஊரில் ஒரு வீடு சுற்றுலாவுக்குப் போனால் ஊரோரத்தில் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். பார்சிலோனாவில் ஒரு வீடு போனால் அது போனதுதான்.

இனி எண்களுக்கு வருவோம். நாள்வாடகை வீடுகளுக்குப் புதிய உரிமம் தருவதை நகராட்சி 2014இலேயே நிறுத்திவிட்டது. அப்படியும் உரிமம் பெற்றவை 2024இல் 10,101 எஞ்சியிருந்தன. அவை அனைத்தின் உரிமமும் 2028 நவம்பருக்குப் பிறகு நீட்டிக்கப்படாது என்று மேயர் ஜாவ்மே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்தார். பத்தாண்டுகளில் வாடகை 68 சதவீதமும் வீட்டு விலை 38 சதவீதமும் ஏறிவிட்டன என்பது அவர் அன்று சொன்ன காரணம். இந்த முடிவுக்கு அடிப்படையான கத்தலோனிய மாநிலச் சட்டம் 2023 நவம்பரில் வந்தது. அதை எதிர்த்து வழக்கு நடந்தது. ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 மார்ச்சில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இவற்றையெல்லாம் விட என்னை உலுக்கும் கணக்கு வேறொன்று. 2024இல் ஸ்பெயின் நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,134 யூரோ. அதே ஆண்டில் பார்சிலோனாவில் ஒரு வீட்டின் சராசரி மாத வாடகையும் ஏறக்குறைய அதே அளவு. உங்களுக்குக் காபி போட்டுத் தருபவர், மெட்ரோ நிலையத்தைக் கூட்டுபவர், கடையில் பில் போடுபவர் ஆகியோரின் முழுச் சம்பளத்தையும் வாடகையே விழுங்கிவிடும். இருவர் சம்பாதிக்கும் குடும்பத்தில் ஒருவர் சம்பளம் வீட்டுக்காரருக்கு. தனியாக வாழும் இளைஞருக்கோ ஒரு வீட்டில் ஓர் அறை. அல்லது ஊருக்கு வெளியே எங்கோ தங்கி, தினமும் புறநகர் ரயிலில் வந்து போக வேண்டும்.

"மொத்த வீடுகளில் நாள்வாடகைக்குப் போவது நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோதான். அதனாலா வாடகை ஏறிவிட்டது?" என்று அந்த வீடுகளின் உரிமையாளர்கள் தரப்பு கேட்கிறது. நியாயமான கேள்வி. வாடகை ஏறியதற்கு வேறு காரணங்களும் உண்டு. அரசு கட்டித் தரும் மலிவு வாடகை வீடுகள் ஸ்பெயினில் மிகக் குறைவு. வீட்டை முதலீடாக வாங்கிப் போடுபவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு சதவீதக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. மொத்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே யாரோ குடியிருக்கிறார்கள். வாடகையைத் தீர்மானிப்பது இந்த மாதம் காலியாகிப் புதிதாக வாடகைக்கு வரும் சில வீடுகள்தாம். அந்தச் சின்னக் குவியலிலிருந்து பத்தாயிரம் வீடுகள் வெளியே எடுக்கப்பட்டிருக்கின்றன. அதுவும் ஊர் முழுக்கப் பரவலாக அல்ல, சில பகுதிகளில் மட்டும். இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பார்சிலோனாவைப் பற்றி நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2020இல் நகர்ப்புறப் பொருளாதாரத்துக்கான ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. வீடுகளை நாள்வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி இணையதளத்தின் நடமாட்டம் சராசரியாக உள்ள பகுதிகளில் அதன் விளைவாக வாடகை 1.9 சதவீதம் ஏறியது. நடமாட்டம் மிக அதிகமாக உள்ள பத்தில் ஒரு பங்குப் பகுதிகளிலோ வாடகை 7 சதவீதமும் வீட்டு விலை 17 சதவீதமும் ஏறின. நீங்கள் தேடிக்கொண்டிருப்பது எந்தப் பகுதியில் என்று யோசித்துப் பாருங்கள். சக்ரதா ஃபமிலியாவுக்கு நடக்கும் தூரத்தில், ராம்ப்லா கடைத்தெருவுக்கு அருகே, பார்சிலோனெட்டா கடற்கரையை ஒட்டி. அந்தப் பத்தில் ஒரு பங்கு இங்கேதான் வருகிறது.

வாடகைக் கணக்கில் வராத இழப்பும் ஒன்று உண்டு. அதை எண்ணால் சொல்ல முடியாததால் அது பேச்சிலேயே வருவதில்லை. ஒரு படிக்கட்டைச் சுற்றி எட்டோ பத்தோ வீடுகள் இருக்கும் கட்டடத்தில் மூன்று வீடுகள் நாள்வாடகைக்குப் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று கதவுகளுக்குப் பின்னால் ஆண்டு முழுவதும் ஆட்கள் இருப்பார்கள். ஆனால் ஒருவரும் அண்டைவீட்டார் அல்லர். நான்காம் மாடியில் தனியாக இருக்கும் முதியவர் இரண்டு நாளாக வெளியே வரவில்லையே என்று கவனிக்க அவர்களுக்குத் தெரியாது. தண்ணீர்க் குழாய் பழுது, படிக்கட்டு விளக்கு, லிஃப்ட் பராமரிப்பு என்று எதிலும் அவர்களுக்குப் பங்கில்லை. விமானம் வந்திறங்கும் நேரத்துக்கேற்ப இரவு இரண்டு மணிக்குப் பெட்டிகள் படியேறும். நீங்கள் கண்ணியமானவர்கள், சத்தம் போட மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மூன்று நாள் கழித்து வேறொரு குழு வரும், அதன் பின் இன்னொன்று. மேல்மாடிக்காரருக்கு நீங்கள் ஆண்டின் நூறாவது அந்நியர். வீடுகள் இப்படி மாறும்போது கீழே கடைகளும் மாறுகின்றன. ரொட்டிக்கடையும் செருப்புத் தைக்கும் கடையும் இருந்த இடத்தில் காந்தப் பொம்மைகள் விற்கும் கடையும், பெட்டிகளை மணிக்கணக்குக்கு வைத்துக்கொள்ளும் கடையும் வருகின்றன. குழந்தைகள் குறைந்தால் பள்ளிக்கூடம் தள்ளாடும். கோதிக் குடியிருப்பு என்று நீங்கள் படம் எடுக்கப் போகும் பழைய நகரில் நிரந்தரக் குடிகள் குறைந்துகொண்டே வந்ததற்கு இந்த மாற்றம் ஒரு முக்கியக் காரணம். பார்க் குயெல் பூங்கா அருகே ஓடும் 116ஆம் எண் சிறு பேருந்தில், மேட்டில் குடியிருக்கும் முதியவர்கள் ஏற முடியாதபடி பயணிகள் கூட்டம் நிறைந்தது. கடைசியில் அந்த வழித்தடத்தைக் கூகுள் வரைபடத்திலிருந்து நீக்கச் சொல்லி நகராட்சி கேட்டது. 2024இல் அது நீக்கப்பட்டது. தங்கள் ஊர்ப் பேருந்தைத் தாங்கள் பயன்படுத்த, அதை உலகத்தின் கண்ணிலிருந்து மறைக்க வேண்டிய நிலை அவர்களுக்கு.

2024 ஜூலை 6 அன்று நடந்ததை நீங்கள் செல்பேசியில் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். சிலர் பொம்மைத் துப்பாக்கியால் உணவகங்களில் அமர்ந்திருந்த பயணிகள் மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள். அந்த ஒரு காட்சிதான் உலகம் முழுக்கச் சுற்றியது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் மேல் தண்ணீர் அடிப்பதை நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு "அந்த ஊர்க்காரர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லை" என்ற முடிவுக்கு வருவது தவறு. ஊர்வலத்தில் வந்தவர்கள் பேசியது வாடகையைப் பற்றி, குறைந்த சம்பளத்தைப் பற்றி, துறைமுகத்தில் வந்து நிற்கும் உல்லாசக் கப்பல்களைப் பற்றி. 2025 ஜூன் 15 அன்று பார்சிலோனாவோடு பால்மா, லிஸ்பன், வெனிஸ் எனத் தென் ஐரோப்பாவின் பல ஊர்களில் ஒரே நாளில் மக்கள் தெருவுக்கு வந்தபோதும் அதுவே கோரிக்கை. இது ஒரு நாள் கோபமும் அல்ல. பார்சிலோனெட்டா மீனவர் குடியிருப்பில் நாள்வாடகை வீடுகளுக்கு எதிராக மக்கள் 2014 கோடையிலேயே தெருவில் இறங்கினார்கள். பத்து ஆண்டு முறையிட்ட பிறகும் செவிசாய்க்கப்படாதவர்களின் குரல் என்று அதைக் கேளுங்கள். பயப்பட வேண்டியதில்லை. பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

இனி உங்கள் மறுப்புகள். அவற்றில் மிக வலுவானது சமையலறை. தமிழ்க் குடும்பம் தனியாகப் போவது குறைவு. தாத்தா பாட்டி, சித்தப்பா குடும்பம், குழந்தைகள் என்று எட்டுப் பேர் சேர்ந்து போவார்கள். அதில் இருவராவது சைவம். ஒரு குழந்தைக்குத் தயிர்ச்சாதம் இல்லாமல் முடியாது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். ஸ்பெயினிலோ இரவுச் சாப்பாடு பெரும்பாலும் ஒன்பது மணிக்கு முன் தொடங்குவதில்லை. இதற்கெல்லாம் முழு வீடு எடுப்பதே வழி என்று படுகிறது. இந்தத் தேவை உண்மையானது, அதை நான் சாதாரணமாகத் தள்ளவில்லை. ஆனால் தேவை சமையலறைதான். அது குடியிருப்புக் கட்டடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அபார்ட்ஹோட்டல் என்ற வகை பார்சிலோனாவில் நிறைய உண்டு. முழுக் கட்டடமும் தங்கும் விடுதியாகவே உரிமம் பெற்றிருக்கும். கீழே வரவேற்பு மேசையில் ஆள் இருப்பார். ஒவ்வொரு அறைத் தொகுதியிலும் அடுப்பும் குளிர்பெட்டியும் பாத்திரமும் இருக்கும். அடுத்தடுத்து இரண்டு தொகுதி எடுத்தால் எட்டுப் பேர் வசதியாகத் தங்கலாம். அரிசியும் பருப்பும் மசாலாவும் வேண்டுமென்றால் ராவல் பகுதியில் பாகிஸ்தானியரும் இந்தியரும் நடத்தும் மளிகைக் கடைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வேளையும் சமைக்க வேண்டும் என்றும் இல்லை. மதியத்தில் குறைந்த விலைக்கு முழுச் சாப்பாடு போடும் வழக்கம் அந்த ஊர் உணவகங்களில் உண்டு. தக்காளி தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டி, சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும், திராட்சையும் பைன் கொட்டையும் சேர்த்து வதக்கிய கீரை ஆகியவை கத்தலோனியர்களின் அன்றாட உணவு. கீரையில் சிலர் பன்றி இறைச்சித் துண்டு சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். மதியத்தில் வயிறாரச் சாப்பிட்டு, இரவு எட்டு மணிக்கு அறையில் எளிதாகச் சமைத்துக்கொண்டால் அப்பாவின் மாத்திரை நேரமும் தவறாது.

அடுத்த மறுப்பு செலவு. ஜூலை, ஆகஸ்டில் பார்சிலோனா விடுதிகளின் விலை கனமானது. எட்டுப் பேருக்கு ஒரே வீடு எடுத்தால் தலைக்குக் குறைவாக வரும் என்பதும் உண்மை. இதற்கு என் பதில்: மாதத்தை மாற்றுங்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இது இயல்பாகவே அமைந்திருக்கிறது. நம் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வருகிறது. அந்த மாதங்களில் பார்சிலோனாவில் பகல் வெப்பம் இருபது டிகிரியை ஒட்டி இருக்கும். வெயில் இருக்கும், சுடாது. நடக்கலாம். கடல் நீர் அப்போது இன்னும் குளிராகத்தான் இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஏப்ரல் 23க்குள் போய்ச் சேர முடிந்தவர்கள் சாந்த் ஜோர்தி திருநாளைப் பார்க்கலாம். அன்று ஊரெங்கும் புத்தகக் கடைகளும் ரோஜாக் கடைகளும் தெருவில் விரிந்திருக்கும். ஒருவருக்கொருவர் புத்தகமும் பூவும் கொடுப்பார்கள். பயணிகளுக்காக உண்டாக்கப்பட்ட விழா அல்ல, ஊர் தனக்காகக் கொண்டாடுவது. ஜூலை வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்: 2024 ஜூலை 30 அன்று நகரின் ஃபாப்ரா வானிலை நிலையத்தில் 40 டிகிரி பதிவானது. சென்னை வெயிலிலிருந்து தப்பி அந்த வெயிலில் போய் மாட்ட வேண்டாம். லண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது சற்றுக் கடினம். உங்கள் பிள்ளைகளின் நீண்ட விடுமுறை கோடையில்தான். ஆனால் அக்டோபரிலும் பிப்ரவரியிலும் ஈஸ்டரிலும் உங்களுக்குச் சிறு விடுமுறைகள் உண்டு. விமானப் பயணமோ இரண்டு மணி நேரத்தை ஒட்டியது. கடலில் குளிப்பதே முக்கியம், கோடையில்தான் போக முடியும் என்றால், நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். பார்சிலோனாவில் மூன்று நாள், ரோமானியர் கட்டிய அரங்கம் கடலைப் பார்த்து நிற்கும் தர்ரகோனாவில் மூன்று நாள் என்று வைத்தால் செலவும் இறங்கும், பார்ப்பதும் கூடும். அங்கும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"அரசே உரிமம் கொடுத்திருக்கிறது. சட்டப்படி நடப்பதை நாங்கள் ஏன் தவிர்க்க வேண்டும்?" என்பீர்கள். உரிமம் பெற்ற வீட்டில் தங்கினால் நீங்கள் குற்றம் செய்தவர் ஆகமாட்டீர்கள். 2028 வரை அது சட்டப்படி சரிதான். ஆனால் ஓர் ஊர் தன் தேர்தல், சட்டமன்றம், நீதிமன்றம் மூலமாகவெல்லாம் ஒரு முடிவுக்கு வந்து, "இந்த வீடுகள் எங்களுக்குத் திரும்ப வேண்டும்" என்று சொல்லிவிட்டது. காலக்கெடு முடியும் வரை பயன்படுத்திக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். இதில் உங்களுக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. உரிமமே இல்லாத வீடுகளும் விளம்பரங்களில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. விதிமீறிய 65,935 விளம்பரங்களை நீக்கும்படி ஸ்பெயினின் நுகர்வோர் அமைச்சகம் 2025 மே மாதத்தில் ஏர்பிஎன்பிக்கு உத்தரவிட்டது. 2025 ஜூலை 1 முதல் இணையம் வழி வாடகைக்கு விடப்படும் குறுகிய கால வீடு ஒவ்வொன்றுக்கும் நாடு தழுவிய பதிவெண் கட்டாயமாக்கப்பட்டது. நீங்கள் பணம் கட்டிய வீடு பயணத்துக்குப் பத்து நாள் முன்பு பட்டியலிலிருந்து மறைந்துபோனால், எட்டுப் பேரோடு எங்கே போய் நிற்பீர்கள்?

சுற்றுலாதானே அவர்களுக்குச் சோறு போடுகிறது என்ற வாதமும் அடிக்கடி வருகிறது. உண்மைதான். 2024இல் ஸ்பெயினுக்கு ஏறக்குறைய 9 கோடியே 40 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகை 5 கோடியைத் தொடவில்லை. பொருளாதாரத்தில் எட்டில் ஒரு பங்கு சுற்றுலாவிலிருந்து வருகிறது. பார்சிலோனா கடற்கரையே இதற்குச் சான்று. 1992 ஒலிம்பிக்குக்கு முன் தொழிற்சாலைகளும் ரயில் பாதைகளும் ஊரிலிருந்து கடலைப் பிரித்து வைத்திருந்தன. பொதுப்பணத்தைக் கொட்டி அவற்றை அகற்றி, மணல் கொண்டுவந்து போட்டுக் கடற்கரை அமைத்தார்கள். உலகம் வரட்டும் என்று கதவைத் திறந்ததும் அவர்கள்தாம். ஆகவே உங்கள் பணம் அங்கே போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. யார் கைக்குப் போகிறது என்பதே கேள்வி. விடுதியில் கட்டும் பணத்தில் ஒரு பகுதி வரவேற்பாளருக்கும், சமையல்காரருக்கும், அறை துப்புரவு செய்யும் பெண்ணுக்கும் பதிவான சம்பளமாகப் போகிறது. விடுதி முதலாளிகள் எல்லாரும் நல்லவர்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். ஸ்பெயினில் விடுதி அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்கள் லாஸ் கெல்லிஸ் என்ற பெயரில் தங்களுக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தி, ஒப்பந்தக் கூலிமுறைக்கும் முதுகு ஒடியும் வேலைப்பளுவுக்கும் எதிராகப் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். ஆனால் அங்கே போராட ஒரு முதலாளி இருக்கிறார், ஒரு பணியிடம் இருக்கிறது, தொழிலாளர் சட்டம் இருக்கிறது. கைமாறிக் கைமாறி விடப்படும் நாள்வாடகை வீட்டைச் சுத்தம் செய்ய வருபவர் பெரும்பாலும் தனி ஆள். அவரிடம் இவற்றில் எதுவும் இல்லை.

"இத்தனை கோடிப் பேரில் நாங்கள் எத்தனை பேர்? நாங்கள் மாறினால் என்ன ஆகிவிடும்?" இதுவே கடைசி மறுப்பு. உண்மைதான், ஸ்பெயினுக்கு வருகிறவர்களில் இந்தியர் பங்கு மிகச் சிறியது. ஆனால் அது வளர்கிற பங்கு. 2011இல் வந்த ஜிந்தகி நா மிலேகி தோபாரா என்ற இந்திப் படத்துக்குப் பிறகு ஸ்பெயின் நம்மவர்களின் கனவுப் பட்டியலில் ஏறியது. 2026ஆம் ஆண்டை இந்தியாவும் ஸ்பெயினும் பண்பாட்டுக்கும் சுற்றுலாவுக்கும் செயற்கை நுண்ணறிவுக்குமான ஆண்டாக அறிவித்தன. அதே 2026 கௌடி இறந்து நூறு ஆண்டு நிறையும் ஆண்டு. ஜெர்மானியரும் பிரிட்டிஷாரும் அறுபது ஆண்டுகளாகப் போய்வந்து தங்கள் பழக்கங்களை அங்கே ஊன்றிவிட்டார்கள். அவற்றை மாற்றுவது கடினம். நம் பழக்கம் இப்போதுதான் உருவாகிறது. நம் பயண ஏற்பாட்டாளர்கள் எட்டுப் பேர் குடும்பத்துக்கு எதைக் காட்டுகிறார்கள், நம் யூடியூப் பயணிகள் எந்த அறையைச் சுற்றிக் காட்டுகிறார்கள், வாட்ஸாப் குழுவில் அத்தை எந்த முகவரியைப் பகிர்கிறார் என்பவை இந்தச் சில ஆண்டுகளில் படிந்துவிடும். முதலில் போகிறவர்கள் போட்ட தடத்தில்தான் பின்னால் வருகிறவர்கள் நடப்பார்கள். எண்ணிக்கையில் சிறியவர்களாக இருக்கும்போதே நல்ல தடம் போடுவது எளிது.

இதற்கு உங்களுக்குப் போதிய நேரமும் இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதற்கான சான்றை அப்போதே காட்ட வேண்டும். ஆகவே தங்குமிட முடிவு கடைசி நேரத்தில் அவசரமாக எடுப்பதல்ல; பயணத்தின் முதல் முடிவே அதுதான். அந்த முடிவை எடுக்கும்போது இதைச் செய்யுங்கள். தேடும் தளத்தில் முழு வீடு என்ற பிரிவை விட்டுவிட்டு, விடுதி, அபார்ட்ஹோட்டல் என்ற பிரிவுகளில் மட்டும் தேடுங்கள். விளம்பரத்தில் ஹெச்.யு.டி.பி. என்று தொடங்கும் உரிம எண் இருந்தால் அது பார்சிலோனாவில் சுற்றுலாவுக்கு மாற்றப்பட்ட குடியிருப்பு வீடு என்று பொருள். அதைக் கடந்து போங்கள். எந்த எண்ணும் இல்லை என்றால் நிச்சயமாகக் கடந்து போங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவாக எடுங்கள், விசா கைக்கு வரும்வரை அதுவே உங்களுக்கும் நல்லது. பயண ஏற்பாட்டாளர் மூலம் போகிறவர்கள், "எங்களைத் தங்க வைக்கும் கட்டடம் விடுதியா, குடியிருப்பா?" என்று எழுத்தில் கேளுங்கள். பத்துக் குடும்பங்கள் கேட்டால் பதினோராவது குடும்பத்துக்கு அவரே பார்த்து ஏற்பாடு செய்வார்.

ஏற்கெனவே நாள்வாடகை வீட்டுக்குப் பணம் கட்டிவிட்டவர்களுக்கு ஒன்று. ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறும் கெடு இன்னும் முடியவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். அதே நாட்களுக்கு விடுதி அறைகள் இன்னும் கிடைக்கும். தள்ளிப்போட்டால் விலை ஏறும். கெடு முடிந்துவிட்டது, பணம் திரும்பாது என்றால், அந்தப் பணத்தை இழக்கச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை. உரிம எண்ணை மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எண் தர மறுத்தால் முன்பதிவு செய்த தளத்திடம் முறையிட்டுப் பணத்தைக் கேளுங்கள். அங்கே தங்கும் நாட்களில், படியில் எதிர்ப்படும் முதியவருக்கு வணக்கம் சொல்லி வழிவிடுங்கள். இரவில் பெட்டிகளை இழுக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். திரும்பி வந்து உறவினர் "எங்கே தங்கினீர்கள்? நல்ல வீடா? முகவரி அனுப்புங்கள்" என்று கேட்கும்போது, அந்த முகவரியை அனுப்பாதீர்கள். ஓர் அபார்ட்ஹோட்டலின் பெயரைத் தேடி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே பயணத்தை விரும்பும் ஒருவர்